பாதி அமுக்கினால் போதும்

படம் பிடிப்பதில் நாம் ஒரு புலி என்று ஒரு காலத்தில் நமக்கே ஓர் அபிப்பிராயம் இருந்தது. சட்டைப் பைக்குள் அடங்கும் டிஜிட்டல் காமிரா ஒன்றை வாங்கியது முதல் அந்த அபிப்பிராயம் வளர்ந்துகொண்டே வந்தது. பிலிம் சுருள் வேண்டியதில்லை; கழுவிப் பிரதி எடுக்கக் கடைக்கு ஓட வேண்டியதில்லை; பொத்தானை அமுக்கினால் படம். இதில் பிசகு நேர இடம் ஏது?

இடம் இருந்தது. 2004-ஆம் ஆண்டு, தாத்தாவின் சதாபிஷேகத்தன்று அதைத் தெரிந்துகொண்டோம்.

மங்கிய கூடத்தில் இரண்டு நாற்காலிகளில் தாத்தாவும் பாட்டியும் அமர்ந்திருந்தார்கள். தொலைவில், பின்சுவரில், மகாத்மா ராட்டையருகே வீற்றிருக்கும் கறுப்பு வெள்ளைப் படம்.

"எடுத்தாச்சா, கண்ணு?" என்றாள் பாட்டி.

"இதோ ஆச்சு, பாட்டி!" என்று முகங்களைப் பெரிதாக்கிக்கொண்டு ஒரே அமுக்காக அமுக்கினோம்.

தீப்பெட்டியளவு திரையில் யாவும் திவ்வியமாகத்தான் தெரிந்தன. வீடு திரும்பிக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தபோது பகீரென்றது. சுவரில் மகாத்மாவின் மூக்குக் கண்ணாடிகூடத் துல்லியமாக விழுந்திருந்தது. தாத்தாவும் பாட்டியும் மார்கழிப் பனிக்குள் இருந்தார்கள்.

யந்திரத்தின் மீது குற்றமில்லை. தாத்தா யார், சுவர் எது என்று அதற்குத் தெரியாது. திரையின் நடுவிலுள்ள சிறு சதுரத்துக்குள் எது அகப்படுகிறதோ, அதைப் பார்த்து லென்ஸ் முன்னும் பின்னும் நகரும். வெளிச்சமும் நிழலும் எந்த நிலையில் நன்றாகப் பிரிந்து தெரிகின்றனவோ, அங்கே நின்றுவிடும். அன்று சதுரத்தில் அகப்பட்டது இருவருக்கும் இடையிலிருந்த சந்து. அதன் வழியே யந்திரம் சுவரைப் பார்த்துத் தன் கடமையைச் செய்தது. முகத்தைத் தானே கண்டுகொள்ளும் வித்தை பின்னால் வந்தது. நம் காமிராவில் அது இல்லை.

செய்திருக்க வேண்டியது அற்ப சொற்பம். சதுரத்தைத் தாத்தாவின் முகத்தில் வைத்துப் பொத்தானைப் பாதி மட்டும் அமுக்க வேண்டும். 'பீப்' என்று சப்தமிட்டுச் சதுரம் பச்சையாகும். விரலை எடுக்காமல், இருந்த இடத்தை விட்டு நகராமல், காமிராவை மட்டும் திருப்பி இருவரையும் உள்ளே அடக்கிக்கொண்டு, மீதிப் பாதியை மெதுவாக அமுக்க வேண்டும். பச்சை வராவிட்டால் அமுக்கவே கூடாது. வெறும் வெள்ளைச் சுவரில் லென்ஸுக்குப் பிடிமானம் கிடைக்காது. மிக அருகிலுள்ள பொருளுக்குப் பூப்போட்ட குறியை நாட வேண்டும்.

பின்சுவரில் இருந்த அந்தப் படத்தை 1946-இல் எடுத்தவர் அமெரிக்கரான மார்கரெட் பர்க்-வைட் அம்மையார். முதலில் ராட்டையில் நூற்கக் கற்றுக்கொண்டு வரும்படி அவரிடம் சொல்லப்பட்டதாம். அவரும் நூற்றுப் பார்த்த பிறகே காமிராவைத் தூக்கினார். நமக்கோ அரை விநாடி பொறுக்க முடியவில்லை.

எட்டு மாதங்களில் தாத்தா காலமானார். இருவரும் சேர்ந்திருக்கும் கடைசிப் படம் அதுவேயாகிவிட்டது. தலை குனிந்தபடி பாட்டியிடம் கொடுத்தோம்.

"எனக்கு இப்போ எல்லாமே இப்படித்தானே தெரியுது, கண்ணு! நல்லாத்தான் இருக்கு" என்றாள் பாட்டி.

பிறகு பாட்டியை மட்டும் உட்கார வைத்து ஒரு படம் எடுத்தோம். பொத்தானைப் பாதி அமுக்கிப் பொறுத்திருந்தோம். உடனே பச்சை விழுந்தது. நடுவில் இப்போது சந்து இல்லை.