அக்காவின் ஹிஸ்டரி

எங்க வீட்டில் இருப்பது அரசு கொடுத்த இலவச லேப்டாப். அக்கா ப்ளஸ் டூவில் வாங்கினது, 2 ஜிபி ரேம். ஃபயர்ஃபாக்ஸில் அட்ரஸ் பாரில் ஒரு எழுத்து தட்டினால் போதும், தாம்பரத்துக்கு முன்னாடி சிக்னல் கிடைக்காத லோக்கல் ட்ரெயின் மாதிரி அப்படியே நின்னுடும். சனிக்கிழமை எனக்கு ஆன்லைன் பிளேஸ்மென்ட் டெஸ்ட் வேற.

காரணம் தேடினேன். நாம பார்த்த பக்கங்களை எல்லாம் ஃபயர்ஃபாக்ஸ் 'பிளேசஸ்.எஸ்க்யூலைட்' என்ற ஒரே ஃபைலில் சேர்த்து வைக்கிறது. அட்ரஸ் பாரில் தட்டத் தட்ட அதில் தேடித்தான் பக்கங்களைக் காட்டும். குரோம் என்றால் 90 நாளில் பழசை அழித்துவிடும். ஃபயர்ஃபாக்ஸுக்கு நாள் கணக்கு கிடையாது, எத்தனை பக்கம் என்ற கணக்குதான். அதனால் வருஷக்கணக்கில் தங்கும். (புக்மார்க்கும் அதே ஃபைலில்தான். ஃபைலையே டெலீட் பண்ணிடாதீங்க!)

அபவுட்:கான்ஃபிக் போய், 'பிளேசஸ்.ஹிஸ்டரி.எக்ஸ்பிரேஷன்.மேக்ஸ்_பேஜஸ்' என்று நம்பர் வகையில் புதுசா ஒன்று சேர்த்து 5000 கொடுக்கணும். அதுக்கு மேல் இருக்கிற பழசு கொஞ்சம் கொஞ்சமா கழியும். புக்மார்க் பண்ணினது போகாது.

கொடுக்கும் முன் பழசை ஒரு தடவை புரட்டினேன். 2022 ஆகஸ்ட் முழுக்க டிஎன்பிஎஸ்சி குரூப் 2 பாடங்கள். ராத்திரி ஒரு மணிக்குக் கூட. செப்டம்பரில், எனக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங் நடந்த நேரம், கல்விக் கடன் வட்டி எவ்வளவு, மெப்ஸில் என்ன வேலை இருக்கு, ஷிஃப்ட் எத்தனை மணிக்கு. அதுக்கப்புறம் டிஎன்பிஎஸ்சி ஒரு பக்கம்கூட இல்லை.

"படிக்கப் பிடிக்கலை, விட்டுட்டேன்" என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தாள். நானும் நம்பினேன். கிண்டல்கூடப் பண்ணியிருக்கேன்.

அன்னிக்கு ஷிஃப்ட் முடிந்து சானடோரியத்திலிருந்து பதினோரு மணிக்கு வந்தாள். "பழைய ஹிஸ்டரி எல்லாம் அழிக்கப் போறேன்க்கா" என்றேன். எட்டிப் பார்த்தாள்.

"அதெல்லாம் இன்னுமா இருக்கு?"

"எனக்காகவா விட்டே?"

"சாப்பிட்டியாடா நீ?" என்று கிச்சனுக்குப் போய்விட்டாள். தட்டு எடுக்கிற சத்தம். அப்புறம் உள்ளேயிருந்தே, "எல்லாத்தையும் அழிச்சிடு. அந்த சிலபஸ் பக்கத்தை மட்டும் வை."

புக்மார்க் பண்ணினேன். பிறகுதான் 5000 கொடுத்தேன். ரேம் அதே 2 ஜிபிதான், பெரிய சைட் எல்லாம் இன்னும் திணறுது. ஆனால் ரெண்டு நாள் கழித்து அட்ரஸ் பார் நிற்கலை. 'டி' தட்டினால் முதலில் வருவது அந்த சிலபஸ்தான்.