குறைத்த எடை திரும்பி வராமல் இருக்க

எடையைக் குறைத்தவர்கள் நம் வயதில் நிறையப் பேர் உண்டு. குறைத்ததை இரண்டு வருடம் கழித்தும் அப்படியே வைத்திருப்பவர்கள்தான் குறைவு. மகள் கல்யாணத்துக்காக இளைத்தவர், பேரன் காதுகுத்துக்குள் பழையபடி ஆகிவிடுவார். பிடிக்கக் கொடுத்த சட்டையைப் பிரித்து விடச் சொல்லித் தையல்காரரிடம் மறுபடியும் போவார்.

இதை வைராக்கியக் குறைவு என்று சொல்லிவிட முடியாது. இளைத்த உடம்புக்குச் செலவு குறைகிறது, பசியோ கூடுகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘தி பிக்கெஸ்ட் லூசர்’ என்று ஒரு எடைக் குறைப்புப் போட்டி நடந்தது. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு எடை திரும்பியிருந்தது. சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு எரிக்கும் சக்தி, அந்த எடைக்கும் வயதுக்கும் இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்ததாம். உடம்பும் ஒரு கருமித்தனமான கணக்கர்தான்.

சுகருக்காகவும் முழங்காலுக்காகவும் டாக்டர் சொல்லி, நான் 84 கிலோவிலிருந்து 71க்கு வந்தேன். மூன்று வருடமாக 73ஐத் தாண்டவில்லை. இப்போது வயது 68. என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் பலவீனம். காலையில் கட்டிலிலிருந்து எழுப்புவதும், குளியலறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போவதும் நான்தான். “என்னங்க, நீங்க விழுந்துட்டா நம்ம ரெண்டு பேரையும் யார் தூக்கறது?” என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே கேட்டாள். ஜிம்முக்குப் போக எனக்கு வேறு காரணம் வேண்டியிருக்கவில்லை.

காலை ஆறு மணிக்கு எங்கள் பேட்டை ஜிம்மில் என்னைப் போல ஏழெட்டுப் பேர் இருப்போம். பென்ஷன், அகவிலைப்படி, அமெரிக்காவிலிருக்கும் மகன் என்று பேச விஷயத்துக்குக் குறைவில்லை. ட்ரெட்மில்லில் ஆற அமர நடந்துகொண்டே இதெல்லாம் பேசலாம். மனசுக்கு நல்லது. ஆனால் ஜிம்மில் இருந்த ஒரு மணி நேரமும் உடம்பு வேலை செய்த ஒரு மணி நேரமும் ஒன்றல்ல. அரை மணி நடையில் செலவாகும் கலோரியை இரண்டு மெதுவடை திருப்பிக் கொடுத்துவிடும்.

அதனால் என் நேரத்தை இப்படிப் பிரித்துக்கொண்டேன். முதல் ஐந்து நிமிடம் கைகால்களை அசைத்துச் சூடேற்றுவது. அடுத்த அரை மணி எடைப் பயிற்சி. காலால் தள்ளும் லெக் பிரஸ், மார்புக்கு நேரே தள்ளுவது, முதுகுப் பக்கம் இழுப்பது, டம்ப்பெல்லைப் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு தடவை, இரண்டு செட். கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்க வேண்டும், வலிக்கக் கூடாது என்பார் மாஸ்டர். பிறகு கால் மணி சைக்கிள். முடிவில் சுவர் ஓரமாக ஒற்றைக் காலில் நின்று ஐந்து நிமிடம். பேச்செல்லாம் அதற்கப்புறம், வாசலில்.

எடைப் பயிற்சியை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பட்டினி போட்டுக் குறைக்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. எடை திரும்பும்போது பெரும்பாலும் கொழுப்பாகத்தான் திரும்புகிறது. அறுபதுக்கு மேல் தசை தானாகவே குறைந்துகொண்டு வரும். அதைப் பிடித்து வைக்கும் வேலை நடையால் மட்டும் ஆகாது. உலக சுகாதார நிறுவனமும், 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்துக்குக் குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியும், மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் செய்யச் சொல்கிறது. அது போக 150 நிமிட மிதமான உழைப்பு. நான் திங்கள், புதன், வெள்ளி ஜிம். மற்ற நாள் மாலையில் நடை.

கணக்குப் பிரிவில் 35 வருடம் இருந்தவன் என்பதால் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டிருக்கிறேன். எந்தப் பயிற்சி, எத்தனை கிலோ, எத்தனை தடவை. போன மாதத்தைவிட ஒரு கிலோ கூடியிருந்தால் அதுவே வரவு. ஞாயிறு காலை எடை பார்த்து எழுதுவேன். அமெரிக்காவில் 1994இலிருந்து, குறைத்த எடையைக் காத்து வருபவர்களின் விவரங்களை ஒரு பதிவேட்டில் திரட்டி வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் வாரம் ஒரு முறையாவது எடை பார்ப்பவர்கள், நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம் உடம்பை அசைப்பவர்கள். எனக்கு 73 வந்தால் அந்த வாரமே ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு இட்லி குறையும், சுண்டல் ஒரு கரண்டி கூடும். 76 ஆகும் வரை காத்திருந்தால் பெரிய பாடு.

ஒன்றிரண்டு எச்சரிக்கை. இதய நோய், பி.பி., சுகர் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். சுகர் மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு போகாதீர்கள். எடை தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள். ஜிம் இல்லாத ஊர் என்றால், உறுதியான நாற்காலியும் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டும் போதும்.

ஊருக்குப் போய்வந்த மறுநாளே போய்விடுங்கள். “அடுத்த வாரம் பார்ப்போம்” என்ற நாட்களில்தான் போன கிலோ எல்லாம் வழி கண்டுபிடித்து வீடு திரும்புகிறது.