ஜெஸிகாவின் பயம்

ஆகாயத்தில் பறந்து உலகத்தை ரக்ஷிக்கும் அமெரிக்க வீரர்களிடம் நமக்கு என்றுமே பிரியம் கிடையாது. ஆகவே, 2015-ம் வருஷம் நெட்பிளிக்ஸில் வெளிவந்த ‘ஜெஸிகா ஜோன்ஸ்’ தொடரின் முதற் பகுதியைச் சென்ற வாரம் பார்க்க உட்கார்ந்தபோது, பாதியில் தூங்கிவிடலாம் என்றே எண்ணியிருந்தோம். தூக்கம் வரவில்லை!

நியூயார்க்கில் துப்பறிந்து பிழைக்கும் ஜெஸிகா, ஓடப் பார்க்கும் மோட்டார் வண்டியின் பின்புறத்தை வெறுங்கையால் தூக்கி நிறுத்துகிறாள். ஆனால் முகமூடியும் இல்லை, மரியாதையான பேச்சும் இல்லை. ஓயாமல் குடிக்கிறாள். (குடியை இவ்வளவு காட்டியிருக்க வேண்டாம். குழந்தைகள் தூங்கிய பிறகே பார்க்க வேண்டிய கதை.) பயம் வந்தால் தெருக்களின் பெயர்களை முணுமுணுக்கிறாள். கில்கிரேவ் என்ற ஆசாமி சொன்னதைக் கேட்டவர் செய்தே தீரவேண்டும். அவளையும் அவன் அவ்விதம் ஆட்டி வைத்தவன். அந்தக் குரலுக்கு முன் அவளுடைய புஜபலம் எதற்கு உதவும்?

கிரிஸ்டன் ரிட்டரின் கடுகடுத்த முகத்தைப் பார்க்கப் பார்க்க, நம் வகுப்பில் முன்பு படித்த ஒரு பெண்ணின் நினைவு வந்தது. கேட்டதற்குப் பதில் சொல்லமாட்டாள். ‘திமிர்’ என்று நாமே தீர்ப்பளித்தோம். வீட்டில் அவள் யாருக்குப் பயந்தாள் என்பது வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஊரை விட்டே ஓடிவிட வாடகை மோட்டாரருகில் வந்த ஜெஸிகா, கடைசியில் ஏறாமல் திரும்பி நடக்கிறாள். இரண்டாம் பகுதியையும் அன்றிரவே பார்த்தோம்.