வடையும் வடகடலும்

ஸ்டாவாங்கரில் காபி குடிப்பதற்குமுன் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டேன். காபி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

நார்வேயின் தென்மேற்கு மூலையில் இருக்கும் துறைமுக ஊர். அந்த நாட்டின் எண்ணெய்த் தலைநகரம். ஆபீஸ் வேலையாக பெர்கன் வரை வந்தவன், சனி ஞாயிறு சும்மா இருப்பானேன் என்று பழைய ஹாஸ்டல் நண்பனைத் தேடி இங்கே வந்தேன். ஹாஸ்டலில் மூன்று வருஷம் என் சோப்பை உபயோகித்தவன். இப்போது எண்ணெய் எஞ்சினியர்.

எண்ணெய் ஊர் என்றால் கரியும் பிசுக்குமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இருந்ததோ வெள்ளை வெளேரென்று மர வீடுகள், ஜன்னலில் பூந்தொட்டி. ஒரு காலத்தில் மீனை டப்பாவில் அடைத்து உலகமெல்லாம் விற்றுப் பிழைத்த ஊராம். டப்பாவுக்குக்கூட ஒரு மியூசியம் வைத்திருக்கிறார்கள்.

"எண்ணெய்க் கிணறு எங்கேடா?"

"நடுக்கடல்ல. ஹெலிகாப்டர்ல போகணும். உன்னை ஏத்த மாட்டாங்க. வா, மியூசியம் போகலாம்."

எண்ணெய் மியூசியம் 1999-ல் திறந்தது. தண்ணீர் ஓரத்தில், கட்டடமே ஒரு எண்ணெய் மேடை மாதிரி நிற்கிறது. உள்ளே கண்ணாடிப் பெட்டியில் ஒரு பாறைத் துண்டு. நண்பன் அதன் எதிரே கோயில் சந்நிதி போல நின்றான்.

"எண்ணெய் கீழே ஏரி மாதிரி கிடக்குன்னுதானே நினைச்சிட்டிருக்கே?"

"ஆமாம்."

"ஏரி இல்லை. வடை."

விளக்கினான். சட்டியிலிருந்து எடுத்த வடையில் எண்ணெய் எப்படி ஊறியிருக்கிறதோ, அப்படித்தான் பாறையின் நுண்ணிய துளைகளில். துளை போட்டதும் கொஞ்சம் தானாகப் பீச்சிக்கொண்டு வரும். பிறகு அழுத்தம் குறைந்துவிடும். மீதி பாறைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

எகோஃபிஸ்க் என்று ஒரு வயல். 1969-ல் கண்டுபிடித்தார்கள். இருப்பதில் 17 சதவீதம்தான் வெளியே எடுக்க முடியும் என்று முதலில் கணக்கு. 1987-லிருந்து கடல் தண்ணீரை உள்ளே செலுத்தித் தள்ள ஆரம்பித்தார்கள். இன்றைய கணக்கு 50 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. நடுவில் ஒரு தமாஷ். எண்ணெய் போகப் போக சுண்ணாம்புப் பாறை நசுங்கி, கடலின் தரையே இறங்கத் தொடங்கியது. மேடைகளின் கால்களை அறுத்து, அதே 1987-ல், ஜாக்கி வைத்து 6 மீட்டர் தூக்கினார்கள். வடையை அமுக்கினால் தட்டையாகாமல் என்ன செய்யும்?

"தண்ணி தள்ளியும் வராத எண்ணெய் இருக்கே, அதுக்கு என்ன பண்ணுவீங்க?"

"எண்ணெய் தேய்ச்ச தலையைத் தண்ணி மட்டும் ஊத்திக் கழுவ முடியுமா? சீயக்காய் வேணும். இங்கே சீயக்காய், கார்பன் டை ஆக்ஸைடு."

நல்ல அழுத்தத்தில் அந்த வாயு எண்ணெயோடு கலந்து அதை உப்ப வைக்கும், இளக்கும். பிசுக்கு விட்டு நகரும். வாயுவில் ஒரு பகுதி கீழேயே தங்கிவிடும். கேட்கவே ஜோராக இல்லை? எண்ணெய்க்கு எண்ணெய், புகையும் ஒழிந்தது!

எனக்குத் தோன்றிய இந்த யோசனை 2006-லேயே இரண்டு பெரிய கம்பெனிகளுக்குத் தோன்றியிருக்கிறது. கரையில் மின்நிலையம் கட்டி, அதன் வாயுவைக் குழாயில் டிராகென், ஹைட்ரூன் வயல்களுக்கு அனுப்புவதாகத் திட்டம். 2007-ல் கட்டுப்படியாகாது என்று மூட்டை கட்டிவிட்டார்கள். அந்த வாயு தண்ணீரோடு சேர்ந்தால் அமிலம், இரும்பைத் தின்னும். எண்ணெயோடு திரும்பி வருவதை மறுபடி பிரிக்க வேண்டும். அதற்கான மெஷினுக்கு நடுக்கடல் மேடையில் இடம்? மாம்பலம் ஒண்டுக் குடித்தனத்தில் கிராண்ட் பியானோ வாங்கின கதை.

எண்ணெய் ஆசையே இல்லாமல் சும்மா புதைத்ததுதான் நடந்தது. இங்கிருந்து மேற்கே சுமார் 250 கிலோமீட்டரில் ஸ்லைப்னர். அங்கே கிடைக்கும் எரிவாயுவில் சுமார் 9 சதவீதம் கார்பன் டை ஆக்ஸைடு. வாங்குகிறவர்கள் 2.5-க்கு மேல் தொடமாட்டார்கள். எப்படியும் பிரித்தாக வேண்டும். பிரித்ததைக் காற்றில் விட்டால், 1991-ல் அரசாங்கம் கொண்டுவந்த கார்பன் வரி. வரி கட்டுவதைவிடப் புதைப்பது மலிவு! 1996-லிருந்து கடலடியில் உப்புத் தண்ணீர் ஊறிய மணற்பாறைக்குள் செலுத்துகிறார்கள். ஆரம்ப வருஷங்களில் ஏறக்குறைய 10 லட்சம் டன் வீதம். மேலே களிமண் பாறை மூடி. ஓடிப்போகவில்லையே என்று அதிர்வலை அனுப்பிப் படமெடுத்துப் பார்த்துக்கொள்கிறார்கள்.

2025 ஆகஸ்டில் அடுத்த கட்டமும் ஆரம்பித்துவிட்டது. சிமென்ட் ஃபாக்டரியின் புகையைப் பிடித்து, திரவமாக்கிக் கப்பலில் பெர்கன் பக்கம் கொண்டுவந்து, 100 கிலோமீட்டர் குழாய் வழியே, கடலடிக்குக் கீழே 2,600 மீட்டரில் புதைக்கிறார்கள். செலவில் பெரும்பகுதி சர்க்காருடையது.

"ஒரு பக்கம் எடுத்து விக்கறீங்க, இன்னொரு பக்கம் புதைக்கறீங்க. கேனத்தனமா இல்லை?"

"புதைக்கறதைவிட விக்கறது ரொம்ப அதிகம். அதையும் எழுதிக்கோ."

மியூசியத்துக்குப் பக்கத்தில் ஒரு பூங்கா. எண்ணெய்க் கம்பெனிகள் கழித்துப் போட்ட சாமான்களால் கட்டியது. தரையின் மேடு பள்ளமெல்லாம் டிரோல் என்கிற வயலின் பாறை அடுக்குகளின் சிறிய நகல். அதன்மேல் பையன்கள் ஸ்கேட்டிங் போகிறார்கள். நண்பனின் எட்டு வயதுப் பெண், ராட்சச மிதவைப் பந்து ஒன்றின்மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்கூல்ல கேக்கறாங்களாம். உங்கப்பா எண்ணெய் எடுக்கறாரா, புகையைப் புதைக்கறாரான்னு" என்றான். "ரெண்டு டீம்லயும் ஆள் கேட்டிருக்காங்க."

"என்ன வித்தியாசம்?"

"எண்ணெய்னா மேடை டியூட்டி. ரெண்டு வாரம் கடல்ல, நாலு வாரம் வீட்ல. அலவன்ஸ் உண்டு. புகைன்னா ஆபீஸ். கம்ப்யூட்டர்ல பாறையைப் பார்த்துட்டு இருக்கணும். அலவன்ஸ் கிடையாது. வீட்டுக் கடன் இன்னும் பதினெட்டு வருஷம். நீ என்ன சொல்றே?"

ஒரு ஆபீஸ் குமாஸ்தா என்ன சொல்வான்? பெண்ணைப் பார்த்தேன். "புகைக்கே போயிடேன்" என்றேன்.

நண்பன் முகம் மலர்ந்தான்.

"வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டாச்சு."

"அப்புறம் எதுக்குடா என்னைக் கேட்டே?"

"வீட்ல இன்னும் சொல்லலை. நீ சொன்னேன்னு சொல்லிக்கலாமேன்னுதான். ராத்திரி சாப்பிட வர்றே இல்லை?"