போர்தோவில் ஒரு ஓட்டை சைக்கிள்

"பாரீஸைப் பத்தி எழுதுடா, ஈஃபில் டவர் போட்டோ போட்டுடலாம்" என்றுதான் மலர்க்குழுவில் என்னிடம் கேட்டார்கள். பாரீஸை நான் பார்த்தது விமான நிலையத்துக் கண்ணாடி வழியாக மட்டும்தான். மீதி இருபத்தாறு நாளும் போர்தோ. பிரான்சின் தென்மேற்கில், கரோன் ஆற்றங்கரையில் இருக்கிற பழைய துறைமுக நகரம். திராட்சை ரசத்துக்குப் பேர் போன ஊர். (அதைப்பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இந்த மலரை வார்டனும் படிப்பார்.)

பாலிடெக்னிக் பையனுக்கு பிரான்சா என்று யாரும் பொறாமைப்பட வேண்டாம். எங்கள் ஊர் புதுச்சேரி. என் மாமா, அதாவது அத்தை வீட்டுக்காரர், ஒரு 'சொல்தா'. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். "நம்ம குடும்பத்துல முதல் முதலா ஒருத்தன் படிக்கிறான், ஊரைப் பாத்துட்டுப் போவட்டும்" என்று அத்தைதான் டிக்கெட் எடுத்தது. அப்பா படித்தது ஐந்தாவது. அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். நாலாவது செமஸ்டரில் ஒரு அரியர் இருப்பதை அத்தையிடம் யாரும் சொல்லவில்லை, நானும்தான்.

கிளம்பும்போது அப்பா என் பெட்டிக்குள் ஒரு ஸ்போக் கீயைப் போட்டார். வட்டமாக, சுற்றிலும் காடி வெட்டிய, தேய்ந்துபோன பழைய சாவி. "எங்க போனாலும் இது கைல இருக்கட்டும்." பிரான்சுக்கு ஸ்போக் கீயா! யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று அதை ஒரு சாக்ஸுக்குள் திணித்து வைத்தேன்.

மாமா வீட்டு நிலவறையில் ஒரு பழைய பெழோ சைக்கிள் கிடந்தது. நமக்குத் தெரிந்த அந்தக் கார் கம்பெனியேதான். 1880களிலேயே சைக்கிள் செய்தவர்கள். செயின் துருப்பிடித்து, இரண்டு டயரிலும் காற்றில்லாமல் கிடந்ததை ஒரு நாள் பூராவும் உட்கார்ந்து ஓவராயிலிங் பண்ணினேன். காற்றடிக்கும் இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். நம் ஊர் வால்வு மாதிரி இல்லை, பென்சில் முனை போல ஒல்லியாக இருக்கிறது. நுனியில் ஒரு குட்டி நட்டு. அதைத் தளர்த்தினால்தான் காற்று உள்ளே போகும். அரை மணி நேரம் முழித்த பிறகு மாமா வந்து சிரித்துக்கொண்டே காட்டிக்கொடுத்தார்.

"வலது பக்கமா போ மருமவனே, இடது பக்கம் போனா நேரா மேலதான்" என்று மாமா எச்சரித்து அனுப்பினார். அதை ஞாபகம் வைத்துக்கொண்டேன். அவர் சொல்ல மறந்தது பிரேக். நம் ஊரில் வலது கை முன் சக்கரம், இடது கை பின் சக்கரம். அங்கே தலைகீழ்! முதல் சிக்னலில் பழக்கத்தில் இடது கையை அழுத்தினேன். பின் சக்கரம் ஆகாயத்தைப் பார்த்தது.

முதலில் போனது கல் பாலம். நெப்போலியன் உத்தரவிட்டு 1822-இல் திறந்தது. 17 வளைவு, 487 மீட்டர் நீளம். நெப்போலியன் போனபார்ட் என்ற பெயரை பிரெஞ்சில் எழுதினால் 17 எழுத்து வருமாம். அதனால்தான் 17 வளைவு என்று ஊரில் பேச்சு. 2017-இல் இந்தப் பாலத்தில் கார்களை நிறுத்திவிட்டார்கள். டிராம், பஸ், சைக்கிள், நடக்கிறவர்கள், அவ்வளவுதான். காலை எட்டரை மணிக்கு அங்கே நின்று பாருங்கள். கோட்டு போட்டவர், குழந்தையைப் பின்னால் உட்கார வைத்த அம்மா, நரைத்த தலைப் பாட்டி, எல்லாரும் சைக்கிளில் போகிறார்கள். நம் ஊரில் பையன் வேலைக்குப் போனதும் முதலில் விற்கிற பொருள் அல்லவா அது!

ஆறு அழகாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். டீ நிறத்தில் இருக்கிறது. வண்டல் மண். அதைவிட அதிசயம், காலையில் ஒரு மரக்கிளை வடக்கே கடலை நோக்கி மிதந்து போனது. சாயங்காலம் பார்த்தால் தண்ணீர் தெற்கே ஓடுகிறது. கடல் நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தும் அலையேற்றம் ஊருக்குள் வந்து ஆற்றையே திருப்புகிறது. கப்பல்களுக்கு அந்தக் காலத்தில் இதுதான் இன்ஜின். ஆறு பிறை மாதிரி வளைவதால் 'நிலாத் துறைமுகம்' என்று பெயர். அந்தப் பெயரிலேயே 2007-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்.

மெக்கானிக்கல் மக்களுக்காக: வடக்கே ஷாபான்-தெல்மாஸ் பாலம் என்று ஒன்று, 2013-இல் திறந்தது. பெரிய கப்பல் வந்தால் நூறு மீட்டருக்கு மேல் நீளமான நடுப்பகுதி அப்படியே படுக்கைவாட்டில் மேலே ஏறுகிறது! நாலு தூணுக்குள்ளும் எதிர் எடை, நம் லிஃப்ட் தத்துவம்தான். எலக்ட்ரிகல் மக்களுக்கு: நகர மையத்தில் டிராமுக்கு மேலே கம்பியே கிடையாது. தரையில் பதித்த நடுத் தண்டவாளத்திலிருந்து கரண்ட். டிராம் மேலே நிற்கும் துண்டுக்கு மட்டும் கரண்ட் வரும். அது நகர்ந்ததும் செத்துவிடும். 2003-இலிருந்து ஓடுகிறது. சிவில் நண்பர்களுக்கு: ஈஃபில் டவர் கட்டிய அதே ஈஃபில், இருபத்தாறு வயதில் கட்டுமானப் பொறுப்பு ஏற்ற ரயில் பாலம் இந்த ஊரில்தான் இருக்கிறது. ரயில் இப்போது பக்கத்துப் புதுப் பாலத்தில் போகிறது.

ஆற்றோரமாகவே நாலரை கிலோமீட்டருக்கு சைக்கிள் பாதை. நடுவில் பூர்ஸ் சதுக்கம், பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகைகள். எதிரே தரையில் இரண்டு சென்டிமீட்டர் தண்ணீரை நிறுத்தி ஒரு கண்ணாடி செய்திருக்கிறார்கள். மாளிகை முழுசும் அதில் தெரியும், குழந்தைகள் அதில் குதிக்கும். நான் மாளிகைச் சுவர்களில் செதுக்கிய முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிலது ஆப்பிரிக்க முகம்.

சும்மா அலங்காரத்துக்கு இல்லை. இந்த ஊரிலிருந்து சுமார் 500 கப்பல் பயணம், ஒரு லட்சம் பேருக்கு மேல் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக அமெரிக்கத் தீவுகளுக்கு ஏற்றிப் போயிருக்கிறது. கரையில் மொதெஸ்த் தெஸ்தாஸ் என்ற பெண்ணின் வெண்கலச் சிலை நிற்கிறது, 2019-இல் வைத்தது. போர்தோ அண்ணன் தம்பி இருவர் விலைக்கு வாங்கிய பெண். பிறந்தபோது அவள் பெயர் அல் புவெஸி. சிலை ஆள் உயரம்தான், பீடம் கிடையாது. பக்கத்தில் நின்றால் நம்மைப் பார்க்கிற மாதிரியே இருக்கும்.

அன்று ராத்திரி (ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கிறது, அதுவும் ராத்திரிதான்!) மாமா சொன்னார்: "அடிமைக்கு மாத்தா ஆப்பிரிக்காவுல என்ன குடுத்தான் தெரியுமா? துணி. இந்தியத் துணி. அப்புறம் அடிமை வியாபாரம் நின்னு போச்சு. நம்ம புதுச்சேரி நீலத்துணியை போர்தோ வியாபாரிங்க செனகலுக்குக் கொண்டுபோனாங்க. அங்க அதையே காசு மாதிரி குடுத்துக் கோந்து வாங்கினாங்க." என் தாத்தா ரோடியர் மில் நெசவாளி. அந்த மில் 2020-இல் மூடியாகிவிட்டது. நாங்கள் யாரும் பார்க்காத ஊர் என்று நினைத்து வந்தேன். எங்கள் ஊர்த் துணி எனக்கு முன்னாலேயே இங்கே வந்து, இங்கிருந்து எங்கெங்கோ போயிருக்கிறது. பெருமைப்படுவதா என்று தெரியவில்லை. தூக்கம் வரவில்லை.

அடுத்த நாள்தான் விழுந்தேன். டிராம் தண்டவாளத்தின் பள்ளத்தில் முன் சக்கரம் இறங்கி, முட்டி சிராய்த்து, ரிம் கோட்டம். மாமா வீடு ஆறு கிலோமீட்டர். பையில் கைவிட்டால் அந்த ஸ்போக் கீ! சாக்ஸிலிருந்து எப்போது எடுத்துப் போட்டேன் என்றே ஞாபகமில்லை. ஆற்றங்கரையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பிரேக் கட்டையை அளவாக வைத்து, கம்பி கம்பியாகத் தட்டிப் பார்த்துக் கோட்டம் எடுத்தேன். ஏழு வயதிலிருந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்து செய்த வேலை. கை தானாகவே செய்தது.

தலைநிமிர்ந்தால், டை கட்டிய ஐம்பது வயது மனிதர் ஒருவர் சைக்கிளோடு நிற்கிறார். தன் பின் சக்கரத்தைக் காட்டி ஏதோ சொன்னார். அதுவும் உரசுகிறது. பத்து நிமிஷத்தில் சரி செய்தேன். "மெக்கானிக்கா?" என்று கேட்டார். அத்தை சொல்லிக்கொடுத்த அரைகுறை பிரெஞ்சில், "மோன் பேர் ரெபார் தே வேலோ" என்றேன். என் அப்பா சைக்கிள் ரிப்பேர் செய்கிறவர். அவர் தலையாட்டிவிட்டு, கடை எங்கே இருக்கிறது என்று கேட்டார்!

நண்பர்களே, அந்த வாக்கியத்தை வாய்விட்டு நான் சொன்னது அதுதான் முதல் தடவை. ஃபர்ஸ்ட் இயர் ஹாஸ்டலில் "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டபோது, "ஆட்டோமொபைல் ஸ்பேர் பார்ட்ஸ் பிசினஸ்" என்றவன் நான். போன வருஷம் ஆயுத பூஜை முடிந்து பொரியும் சுண்டலும் எடுத்துக்கொண்டு ஒருவர் வந்தாரே, நான் பஸ் ஸ்டாப்பிலேயே பேசி அனுப்பிவிட்டேனே, யாரென்று கேட்டதற்கு "எங்க கடையில வேலை செய்யிற ஆளு" என்றேனே... அது அப்பா. அந்தப் பொரியை நீங்கள்தான் தின்று தீர்த்தீர்கள்.

ஊருக்குத் திரும்பியதும் அத்தை கொடுத்த சென்ட், சாக்லேட் எல்லாம் அம்மாவிடம் போயிற்று. அப்பாவுக்கு நான் வாங்கியது ஒரு ட்யூப், அந்த ஒல்லி வால்வோடு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாடா இது, இவ்ளோ ஒல்லியா?" குட்டி நட்டைத் தளர்த்திக் காட்டினேன். மாமா என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரியே நானும் சிரித்தேன். பஸ் ஸ்டாப் விஷயத்தை நான் எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை.

ட்யூப் இப்போது கடையில் ஆணியில் தொங்குகிறது, விற்பனைக்கு அல்ல. கடை முத்தியால்பேட்டையில். புதுச்சேரி பக்கம் வந்தால் வாங்க. காத்து இலவசம்.