ஒரு டம்ளர் தண்ணீர்

நாளைக் காலை ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பெண்கள் வெளியே கிளம்பும்போது ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டிப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் ‘வேணாம்’ என்பார்கள். தாகம் இல்லாமல் இல்லை. போகிற இடத்தில் ‘வசதி’ எப்படி இருக்குமோ என்ற கணக்கு. பாருங்கள், அந்த இடத்தின் பெயரைச் சொல்லக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ‘வசதி’ என்கிறேன். பெயர் சொல்லவே வெட்கப்படுகிற ஒன்றை எப்படி உருப்படியாகக் கட்டுவோம்?

நான் கட்டியிருக்கிறேன். பிளான் போடுவது என் பிழைப்பு. பல வருஷங்களுக்கு முன் எங்கள் பேட்டைப் பூங்காவுக்கு ஒரு கழிப்பறை வரைந்து கொடுத்தேன். எனக்குச் சொல்லப்பட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். ‘கண்ணுல படக் கூடாது சார்.’ அதனால் பின்பக்க மதில் ஓரமாக, மூங்கில் புதருக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். ஆண்களுக்குப் பாதி, பெண்களுக்குப் பாதி. ஓர் அங்குலம் பிசகாமல் சமமாகப் பிரித்தேன். அந்த நியாயத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

போன வருஷம் அக்கா ஊரிலிருந்து வந்திருந்தாள். ரிட்டயர்டு டீச்சர். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டே பாடம் நடத்தியவள். ‘காலைல எட்டு மணிக்கு ஒரு வாய் குடிச்சா, அடுத்த வாய் சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான்டா’ என்பாள். அங்கே டீச்சர்களுக்கு இருந்த அறையின் லட்சணம் அப்படி. அந்தப் பழக்கம் ரிட்டயர் ஆன பிறகும் விடவில்லை. கடைசியில் சிறுநீர்த் தொற்று கிட்னி வரைக்கும் போய், ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ‘நிறையத் தண்ணி குடிங்கம்மா. அடக்கவே அடக்காதீங்க’ என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

அதனால்தான் அன்று சாயங்காலம் பூங்காவுக்குப் போகும்போது பாட்டிலைக் கையில் கொடுத்து, வற்புறுத்திக் குடிக்க வைத்தேன். நல்ல பிள்ளையாகக் குடித்தாள். அரை மணி கழித்து மூங்கில் பக்கம் போனவள் இரண்டே நிமிஷத்தில் திரும்பி வந்தாள். ‘வீட்டுக்குப் போயிடலாம்டா’ என்றாள். ஆட்டோவில் பேசவே இல்லை. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் கண்ணை மூடிக்கொண்டாள்.

வீட்டில் ஆசுவாசமான பிறகுதான் கேட்டாள். ‘யாருடா அதைக் கட்டினது? தரையெல்லாம் தண்ணி. ஒரு கையில புடவையைத் தூக்கிப் பிடிச்சுக்கறேன். தாழ்ப்பாள் இல்லை, இன்னொரு கையில கதவைப் பிடிச்சுக்கறேன். ஹேண்ட்பேக்கை எங்க வெக்கறது? பல்லுல கவ்விக்கிட்டேன். அப்ப பார்த்து வெளியில காலடிச் சத்தம். அந்த இருட்டுல எவன்னு தெரியலை. ஓடி வந்துட்டேன்.’

நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று ராத்திரி பழைய பிளானைத் தேடி எடுத்தேன். சுவர், கதவு, குழாய் எல்லாம் இருந்தது. பையை மாட்ட ஒரு கொக்கி இல்லை. என் பை எப்போதும் பேன்ட்டுக்குள்ளேயே இருப்பதால் எனக்குத் தோன்றவில்லை. நாப்கின் போட மூடி வைத்த கூடை இல்லை. முட்டிவலிக்காரர்கள் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி இல்லை. கதவு உள்பக்கம் திறக்கிற மாதிரி போட்டிருந்தேன். உள்ளே யாராவது மயங்கி விழுந்தால், விழுந்தவரே கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடப்பார். வெளியிலிருந்து எப்படித் திறப்பது?

சரி, அந்தச் சமநீதி? அங்கேதான் பெரிய கோட்டை விட்டிருந்தேன். ஆண்கள் பக்கம் யூரினலுக்கு அதிக இடம் வேண்டாம் என்பதால் ஆறு பேருக்கு வசதி. அதே பரப்பில் பெண்கள் பக்கம் மூன்று அறைதான். பெண்களுக்கு நேரமும் கூட ஆகும், ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு. கணக்குப் போடுங்கள். ஆண்கள் பக்கம் நாலு பேர் போய் வருகிற நேரத்தில் பெண்கள் பக்கம் ஒருவரோ, ரொம்பப் போனால் ஒன்றே கால் பேருக்குக் கொஞ்சம் கூடவோ. சினிமா இடைவேளையில் லேடீஸ் பக்கம் மட்டும் க்யூ நிற்பதை ‘பவுடர் போடறாங்க’ என்று கிண்டல் செய்திருக்கிறோமே, தப்பு பவுடரில் இல்லை, என்னைப் போன்றவர்களின் பேப்பரில் இருந்தது. நியூயார்க் நகரம் 2005-ல் இதற்குச் சட்டமே போட்டது. புதிதாகக் கட்டுகிற தியேட்டர், ஸ்டேடியம் போன்ற இடங்களில் ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு இரண்டு.

இது நம் ஊர் வியாதி மட்டும் என்று நினைக்காதீர்கள். 1851-ல் லண்டனில் பெரிய கண்காட்சி நடந்தபோது ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்ற பிளம்பிங் நிபுணர் அங்கே கட்டணக் கழிப்பறைகள் வைத்தார். ஒரு பென்னி கொடுத்து உபயோகித்தவர்கள் 8,27,280 பேர். தேவை எவ்வளவு என்று ஊருக்கே தெரிந்துபோயிற்று. ஆனாலும் ஐம்பது வருஷம் கழித்து, 1900 வாக்கில், அதே லண்டனில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்ட வேண்டும் என்று உள்ளூர் நிர்வாகத்தில் நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. எவ்வளவு இடம் அடைக்கும் என்று காட்ட, தெருவில் மரத்தால் ஒரு மாதிரிக் கூண்டு வைத்தார்கள். பிடிக்காதவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வண்டிகளை வேண்டுமென்றே கொண்டுவந்து கூண்டில் மோதினார்கள், ‘பார்த்தீங்களா, போக்குவரத்துக்கு இடைஞ்சல்’ என்று நிரூபிக்க! ஆண்களுக்கு யூரினல் இலவசம், பெண்களுக்கு மட்டும் காசா என்று ஷா 1909-ல் எழுதிக்கூடக் கேட்டார். நம் ஊர்க் கட்டணக் கழிப்பறை வாசல்கள் பலவற்றில் இன்றைக்கும் கேட்க வேண்டிய கேள்வி.

நல்லபடியாக யோசித்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் 2008-ல் ‘போர்ட்லாந்து லூ’ என்று நடைபாதையிலேயே ஒன்று வைத்தார்கள். ஒரு ஆள் போகிற ஸ்டீல் கூண்டு. கீழேயும் மேலேயும் சாய்வுப் பட்டைகள். காற்று வரும், மானம் போகாது, உள்ளே எத்தனை கால்கள் என்பது மட்டும் வெளியே தெரியும். கை கழுவுகிற குழாய் வெளிப்பக்கம். உள்ளே யாரும் டேரா போட மாட்டார்கள், தெருவில் போகிறவரும் கை கழுவிக்கொள்ளலாம்.

டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் ஷிகேரு பான் என்ற கட்டடக் கலைஞர் 2020-ல் இரண்டு பூங்காக்களில் கண்ணாடிக் கழிப்பறை கட்டினார். ஆள் இல்லாதபோது உள்ளே எல்லாம் தெரியும். பூட்டினால் கண்ணாடி மங்கி மறைத்துவிடும். ஏன் இந்த வித்தை? பொதுக் கழிப்பறையில் நுழைகிறவருக்கு இரண்டு பயம். சுத்தமாக இருக்குமா? உள்ளே யாராவது ஒளிந்திருப்பார்களா? இரண்டுக்கும் நுழையும் முன்பே பதில் சொல்லிவிடுகிறது அந்தக் கண்ணாடி. நமக்குக் கண்ணாடி வேண்டாம், கட்டுப்படியாகாது. அந்த இரண்டு கேள்வியை மட்டும் இரவல் வாங்கிக்கொள்ளலாம். என் மூங்கில் புதர் இரண்டிலும் ஃபெயில்.

அந்த ஊர்க் கழிப்பறைகளை வைத்து விம் வெண்டர்ஸ் 2023-ல் ‘பெர்ஃபெக்ட் டேஸ்’ என்று ஒரு படம் எடுத்தார். கதாநாயகன் கழிப்பறை சுத்தம் செய்பவர். நடித்த கோஜி யாகுஷோவுக்கு கான் விழாவில் சிறந்த நடிகர் விருது. படம் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது, எங்கள் பூங்காவில் கழுவுகிறவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மறுநாள் போய்க் கேட்டேன். அந்த அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னார். ‘தரை வாட்டம் தப்பா இருக்கு சார். தண்ணி போற ஓட்டை அந்த மூலையில, வாட்டம் வாசப்பக்கம். நான் என்ன தள்ளினாலும் வாசல்லதான் வந்து நிக்கும். அதுல எல்லாரும் மிதிச்சா சேறு. அப்புறம் நான் கழுவலைன்னு திட்டு.’ கொத்தனார் மட்டம் வைத்த அன்று நான் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பார்த்திருந்தால் போதும். ‘துடைப்பம், பினாயில் வெக்க ஒரு அலமாரி இல்லை. மரத்துல சொருகிட்டுப் போறேன்’ என்றார். கழுவுகிறவருக்குச் சிரமமான கழிப்பறை ஒரு நாளும் சுத்தமாக இருக்காது என்பது எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படிக்காத பாடம்.

2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், நீதிமன்ற வளாகங்களில் எல்லாருக்கும் முறையான கழிப்பறை வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னபோது, அதை உயிர்வாழும் உரிமையோடு சேர்த்துத்தான் சொன்னது. பெரிய வார்த்தை என்று தோன்றினால் ஆஸ்பத்திரியில் கிடந்த என் அக்காவைக் கேளுங்கள்.

நான் என்ன செய்தேன்? பூங்காக் கமிட்டி ஆட்களின் காலில் விழாத குறை. மூங்கிலை வெட்டி விளக்குப் போட்டாயிற்று. தாழ்ப்பாள், கொக்கி, கம்பி, கூடை வந்துவிட்டன. கதவு இப்போது வெளிப்பக்கம் திறக்கிறது. தரையைக் கொத்தி வாட்டத்தை மாற்றினோம், அந்த அம்மாவைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு. பெண்கள் பக்கம் இன்னும் மூன்றே அறைதான். அதற்குச் சுவரை இடிக்க வேண்டும், மனு நகர்ந்துகொண்டிருக்கிறது.

அக்கா பொங்கலுக்கு வருகிறாள். போனில் பெருமையாகச் சொன்னேன். ‘அக்கா, பார்க்குல கொக்கியெல்லாம் மாட்டியிருக்கோம்.’

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

‘அப்ப அதைக் கட்டினது நீதானா?’ என்றாள். பிறகு, ‘சரி விடு. வந்து தண்ணி குடிச்சுப் பார்க்கறேன்.’