தனித்து வாழ ஒரு துணை

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, இலக்கியப் பொருள் ஒன்றையே எழுத எண்ணினேன். எனினும், சில ஆண்டுகளாக என் உள்ளத்தை உறுத்திவரும் பிழை ஒன்றை நம் கல்லூரிக் குடும்பத்தின் முன் வைப்பதே தகும் எனத் துணிந்தேன்.

என்னுடன் ஒரே வாங்கிலிருந்து பயின்ற நண்பர் ஒருவர் கண்டி நகரில் எழுதுவினைஞராகப் பணியாற்றி வந்தார். குளுக்கோமா என்னும் நோய் அவர்தம் பார்வையைச் சிறிது சிறிதாகக் கவர்ந்தது. நாற்பது வயது நிரம்புமுன் அது முற்றும் மறைந்தது. அவர் மணமாகாதவர், பெற்றோரும் இலர். மாத்தளையில் வாழும் தமக்கையார் தம் இல்லத்துக்கு அன்புடன் அழைத்தார். நண்பரோ, கட்டுக்கலைப் பகுதியில் ஓர் அறை எடுத்துத் தனித்து வாழப்போவதாகக் கூறினார்.

யான் அதனைக் கடுமையாக எதிர்த்தேன். “இது மலைநகர், எங்கும் படிகள், வாய்க்கால்கள். உனக்கு ஆகாது” என்று வாதிட்டேன். அவர் அறியாமல் தமக்கையாருக்குக் கடிதமும் எழுதினேன். வாடகைக்கு அறை கேட்டபோது, அடுப்பால் தீப்பற்றிவிடும் என்று அஞ்சி இரு வீட்டார் மறுத்தனர். மூன்றாம் வீட்டில் சிங்கள மூதாட்டி ஒருவர் இடமளித்தார்.

அவர் குடிபுகுந்த சில வாரங்களின் பின் யான் அங்குச் சென்றேன். சமையல் மேசை ஒழுங்கின்றிக் கிடப்பதாக எனக்குத் தோன்றியது. அவர் குளிக்கச் சென்ற வேளையில் எல்லாவற்றையும் அழகுற அடுக்கி, அடுப்பில் கொதித்த கேத்தலையும் இறக்கிவைத்தேன். திரும்பி வந்த நண்பர் சீனிப் பேணியை எடுக்கக் கை நீட்டினார். பேணி இருந்த இடத்தில் கேத்தல் இருந்தது. கை வெந்தது.

யான் பதறினேன். அவர் தண்ணீரில் கையை வைத்தவாறே அமைதியாகச் சொன்னார்: “மச்சான், நீ உன் கண்ணுக்கு அடுக்கினாய். இவை இருந்த இடமே எனக்குப் பார்வை. அதைக் கலைத்துவிட்டாய்.”

அன்றுதான் அவர்தம் இல்லத்தை முதன்முறையாகக் கண்டேன் எனலாம். சீனிப் பேணியில் ஓர் இறப்பர் வளையம். உப்புப் பேணியில் இரண்டு. நாணயத்தாள்களின் நீளம் மதிப்புக்கேற்ப மாறுவதால், அவற்றைத் தடவியே பிரித்தறிவார். வீட்டிலிருந்து வீதிக்கு 46 படிகள்; அவை அவர் கால்களுக்குப் பாடம். கைத்தொலைபேசி தமிழ்ச் செய்திகளை வாசித்துக் காட்டும். வெண்கோலுடன் நடக்கவும் அடுப்பில் சமைக்கவும் பயிற்றுநர் ஒருவர் சில வாரங்கள் வந்து கற்பித்தார். மின்கட்டணச் சீட்டை மட்டும் வீட்டுக்கார அம்மையார் படித்துச் சொல்வார். அவருக்கு வேண்டிய துணை அவ்வளவே. அதனை எவரிடம், எப்போது பெறுவது என்பதை அவரே முடிவு செய்தார்.

நம் நாட்டில் பார்வையற்ற சிறார்க்குக் கல்வி நெடுங்காலமாக உண்டு. மேரி சாப்மன் அம்மையார் 1912இல் தொடங்கிய பள்ளி பின்னர் இரத்மலானையில் வளர்ந்தது. கைதடியில் நஃபீல்ட் பாடசாலை 1956இல் தோன்றியது. ஆயின், கல்வி முடித்தவரும் இடை வயதில் பார்வை இழந்தவரும் எங்கே, எவ்வாறு வாழ்வது? போரில் கண்ணிழந்த வீரர்க்காக இலண்டனில் 1915இல் ஆதர் பியர்சன் நிறுவிய இல்லம் இவ்வினாவுக்கு ஒரு விடை தந்தது. தாமும் பார்வை இழந்த அவர், வீரர்க்குத் தொழிலும் அன்றாட வாழ்வுக்கான பயிற்சியும் அளித்து, உலகினுள் திரும்ப அனுப்பினார். எங்கே, யாருடன் வாழ்வது என்பதைத் தாமே தெரிந்துகொள்ளும் உரிமை மாற்றுத்திறனாளிக்கு உண்டு என்று ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை கூறுகின்றது. இலங்கை அதனை 2016இல் ஏற்றுறுதி செய்தது.

தமிழ் கற்றோர் இரட்டைப்புலவரை அறிவர். பார்வையற்றவர் கால் வழங்காதவரைத் தோளில் சுமந்தார். சுமக்கப்பட்டவர் வழி காட்டினார். இருவரும் பாடினர். அங்கே ஒருவர் மற்றவர்க்கு வெறுஞ் சுமையாக இருந்ததில்லை. இப்பாடத்தைப் பலமுறை வகுப்பில் நடத்தியவன் யான். பிள்ளையின் கையைப் பிடித்து எழுதுவித்தாலும் ஒரு நாள் அக்கையை விடவேண்டும் என்று ஆசிரிய கலாசாலையில் கற்றவனும் யானே. ஆயினும், நண்பர்பால் அதனை மறந்தேன்.

பழைய மாணவர்களே, உங்களிற் சிலர் வாடகைக்கு வீடு கொடுப்போர். பார்வையற்ற ஒருவர் வந்து கேட்டால் கதவை அடைக்குமுன் அவருடன் ஒரு நாழிகை பேசுங்கள். கட்டடக் கலைஞர்களாய் உள்ளோர் நம் மலைப்படிகளுக்குக் கைபிடிக் கம்பி அமைத்து உதவுங்கள். இளம் மாணவர்களே, வீதியில் வெண்கோல் ஏந்தி நிற்பவரைக் கண்டால் கையைப் பற்றி இழுக்காதீர்கள், “உதவி வேண்டுமா, ஐயா?” என முதலில் கேளுங்கள்.

தமக்கையாருக்கு எழுதிய கடிதத்தைப் பற்றிப் பின்னர் நண்பரிடம் சொல்லி மன்னிப்பு வேண்டினேன். அவர் சிரித்தார், தம் கையாலேயே தேநீர் ஊற்றித் தந்தார். யான் குவளையைக் குடித்து, கழுவி, எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

வாழ்க நம் கல்லூரி.